ரௌட்டரில் ஒரு முன்னுரிமைப் பட்டியல்

பெரிய அதிகாரியின் வாய் பாதி திறந்தபடியே திரையில் உறைந்து நின்றது. மருந்துக் கிடங்கின் மேற்பார்வையாளர், கூப்பிய கைகளை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தம் வீட்டு அறையில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். அதிகாரியும் அன்று தம் வீட்டிலிருந்துதான் பேசினார். பத்து மணிக்கு நடந்த இது வெறும் ஒத்திகை. பதினொரு மணிக்கு நேர்காணல். பதினான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த கிளை மேலாளர் பதவி அதில்தான் முடிவாகும்.

கோளாறு தம்முடையதே என்பதில் மேற்பார்வையாளருக்கு ஐயம் எழவில்லை. பேருந்தில் பிறர் தம் காலை மிதித்தாலும் தாமே மன்னிப்புக் கேட்பவர் அவர். போன வாரம் ஃபைபர் இணைப்புக் கொடுத்த லைன்மேன், "ஐந்நூறு எம்பி சார். வீடே உக்காந்து படம் பாத்தாலும் இந்த லைனுக்கு வலிக்காது. எதையும் நோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் எந்தப் பெட்டி முதலில் வெளியேற வேண்டும் என்று வரிசை எழுதி ஒட்டாமல் கிடங்கில் ஒரு நாளும் வேலையைத் தொடங்காத கை அது. நோண்டாமல் இருக்குமா?

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'முன்னுரிமை' என்றொரு பகுதி இருந்தது. தம் மடிக்கணினிக்கு முதலிடம் தந்தார். இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தும் மனைவிக்கு இரண்டு. வாசல் கேமராவுக்கு மூன்று. துவைத்து முடித்ததும் தகவல் அனுப்பும் சலவை இயந்திரத்துக்கு நான்கு. கூடத்தில் சதுரங்கப் போட்டி பார்க்கும் மாமனாருக்கு ஐந்து.

அடுத்து, இணைப்பின் மொத்த வேகத்தைக் கேட்டது. ஐந்நூறு என்று எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. சிறு குடும்பத்துக்கு இவ்வளவா என்று எண்ணி, அடக்கமாக ஐந்து என்று நிரப்பினார்.

இரண்டே நிமிடங்களில் மனைவி அறைக்குள் வந்தார். "ஏங்க, பிள்ளைங்க எல்லாம் சிலை மாதிரி நிக்கிறாங்க. வகுத்தல் பாதியில நிக்குது. என்ன பண்ணீங்க?"

உடனே மனைவியை முதலிடத்துக்கு ஏற்றினார். இப்போது தம் மடிக்கணினி தள்ளாடியது. இருவருக்கும் முதலிடம் தந்தார். இரண்டுமே நின்றுபோயின. மாமனாரின் பங்கில் கொஞ்சம் வெட்டினார். கூடத்திலிருந்து செருப்புச் சத்தம் கிளம்பி அறைக்குள் வந்தது.

மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார். கடைசி வரியில் வெகுநேரம் நின்றார்.

"துணி துவைக்கிற மெஷினுக்கு அப்புறம்தான் நானா, மாப்பிள்ளை?"

"அது வரிசைதான் மாமா. மரியாதை வேற, வரிசை வேற."

"சரி. உங்க கிடங்குல எதை முதல்ல அனுப்புவீங்க?"

"காலாவதி தேதி நெருங்கினதை..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படிப் பாத்தாலும் நான்தானே முதல்ல வரணும்" என்ற மாமனார், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே அமர்ந்துவிட்டார். நியாயம் கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டார் என்பது அமர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

மணி பத்து ஐம்பத்தெட்டு. மனைவி கையை நீட்டி, முன்னுரிமைப் பகுதியையே அணைத்தார். மறுநொடி வீடு முழுவதும் இணையம் ஓடத் தொடங்கியது. பக்கத்து அறைக் கணினியிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் மீதி என்னவென்று கூறினார்கள்.

பதினொரு மணிக்கு அதிகாரி திரையில் தோன்றி வணக்கம் சொன்னார். சொல்லிய வாயோடு மறுபடியும் உறைந்தார்.

மேற்பார்வையாளரின் கண்ணெதிரே பதவி நழுவிக்கொண்டிருந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று எழுந்து நின்று, வீட்டிலுள்ளவர்களை வரிசைப்படுத்தியது, வேகத்தைக் குறைத்து எழுதியது என அனைத்தையும் ஒப்புவித்து மன்னிப்புக் கேட்டார். யாருக்கு எந்த இடம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

அசையாத முகத்திலிருந்து குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"உக்காருங்க. கோளாறு உங்க பக்கம் இல்ல, என் வீட்டுல. என் மாப்பிள்ளையும் உங்களை மாதிரியே பட்டியல் போட்டு, மீன்தொட்டி விளக்குக்கு அப்புறம்தான் என்னை வச்சிருக்கார். அது போகட்டும், பின்னால உக்காந்திருக்கறவர் உங்க மாமனார்தானே? அவரை எத்தனாவதா வச்சீங்க?"