தலா இரண்டு விரல் தண்ணீர்

தனித்தனியாகப் பார்ப்பவர்கள் என்று நம் ஊரில் ஒரு ரகம் உண்டு. கூட்டல் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

திருவான்மியூர் செபஸ்தியானை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டப்போகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதித் தருவது அவர் தொழில். காலையில் இட்லியோடு ஒரு வடை, பதினொரு மணிக்கு ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு துண்டு கேக், மாலையில் அடையாறில் வண்டியை ஓரம் கட்டி ஒரே ஒரு ஜிலேபி, இதில் எதைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று மனைவி ஜான்சியிடம் நிரூபித்துவிடுவார். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவன் மீது மட்டும் அவருக்குத் தீராத கோபம்.

அறிக்கையிலும் அதே கைப்பக்குவம்தான். பெருங்குடிச் சதுப்பு நிலத்தை ஒட்டி இதுவரை பதினொரு கட்டடங்களுக்கு எழுதிவிட்டார். புதுக் கட்டடம் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்ந்து என்ன செய்யும் என்று சொல்ல, 'ஒட்டுமொத்தப் பாதிப்பு' என ஓர் அத்தியாயம் வைத்தாக வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. முந்தைய கட்டடம் எழும்பியதும் அதைத் 'தற்போதைய நிலைமை' என்ற தலைப்புக்குள் தள்ளிவிடுவார். வெயில், கொக்கு, கோரைப்புல், ஏழு மாடி, எல்லாம் இயற்கை. கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் கூடுதலாக நிற்கும் தண்ணீர் இரண்டு விரல் உயரம், பாதிப்பு மிகக் குறைவு, கையெழுத்து. இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்?

பன்னிரண்டாவது வந்தது. மிச்சமிருந்த ஒரே காலி மனை, பள்ளமானது. பின்தெருவின் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் சதுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதை மண் கொட்டி மேடாக்கப்போகிறார்கள். கட்டுபவர்கள் அக்கம்பக்கத்தாரைக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, செபஸ்தியானைப் பேசவிட்டார்கள். அவர் படம் போட்டு, அம்புக்குறி காட்டி, இரண்டு விரலை உயர்த்தி முடித்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து பாஞ்சாலி எழுந்தார். மீன் மார்க்கெட்டில் ஞாயிறுதோறும் செபஸ்தியானுக்கு வஞ்சிரம் வெட்டித் தருகிற அக்கா. பின்தெருவின் கடைசி வீடு அவருடையது என்பது செபஸ்தியானுக்கு அப்போதுதான் தெரியும்.

"போன மழைக்கு எங்கூட்ல முட்டி வரிக்கும் தண்ணி சார். பொண்ணு சர்டிபிகேட்டு மொதக்கொண்டு ஊறிப்போச்சு. அது எத்தினி விரலு?"

அது தற்போதைய நிலைமை என்றும், எந்தக் கட்டடத்தை எடுத்தாலும் இரண்டு விரல்தான் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

பாஞ்சாலி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். பாதத்திலிருந்து இரண்டு விரலைப் படுக்கவைத்து, அதன்மேல் இரண்டு, அதன்மேல் இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். பதினொன்றில் விரல் முட்டியைத் தொட்டது.

"நீ சொன்னது கரெக்டாத்தான் கீது சார். பன்னெண்டாவதுக்கு நான் எங்க போய் நிக்கிறது, அத்தையும் எழுதிக் குடு."

செபஸ்தியானை வெட்கம் பிடுங்கித் தின்றது. நிஜமான வெட்கம், அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தைத் திறந்து, பன்னிரண்டையும் கூட்டி, 'முழங்காலுக்கு மேல்' என்று எழுதினார். பிறகு, இந்த ஒன்று மட்டும் போகட்டும், அடுத்ததிலிருந்து கூட்டிவிடலாம் என்று அழித்தார். தனியாகப் பார்த்தால் ஒரு வரிதானே. அடுத்த ஞாயிறு அவர் கோழி வாங்கினார்.

அவரை நன்றாகத் திட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்று நானும் மேஸ்திரியைக் கூப்பிட்டு வாசலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். ரொம்ப இல்லை, இரண்டு விரல். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு மேஸ்திரியின் நம்பர் கேட்டார்.

நீங்கள் சிரித்து முடித்துவிட்டால் ஒரு நடை உங்கள் கேட் வரை போய், விரலை வைத்துப் பாருங்கள். அப்படியே, உங்கள் தெருவின் கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் விசாரித்து வையுங்கள்.