அலறும் ஜாடி

மரச்சாமான் கடைக்கு மேலே, நான்காம் மாடியில், ஒரு ஜாடி அலறுகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு ஓய்வே இல்லை. சாதாரண ஜாடியா அது? டாக்டர்கள் வருடக்கணக்கில் படித்துவிட்டுத் தட்டுத்தடுமாறிச் சொல்வதை ஒரே விசிலில் சொல்லிவிடும் ஜாடி. அதன் சொந்தக்காரருக்கு ஜாடியார் என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மனிதரிடம் போய் அதையெல்லாம் யார் கேட்பது?

வைத்தியமுறை ரொம்ப எளிது. தினமும் விழுங்கும் மாத்திரையில் ஒன்றை வெள்ளைத் துணியில் முடிந்து கொண்டுபோக வேண்டும். ஜாடியார் முடிச்சைப் பிரித்துப் பார்க்க மாட்டார். கண்ணால் பார்ப்பதெல்லாம் கீழ்மட்ட வேலை. முடிச்சின் மேல் ‘சாந்திப் பொடி’யைத் தாராளமாகத் தடவி, புளித்த வாடை வீசும் மஞ்சள் தண்ணீருக்குள் போட்டு, மூக்கு வைத்த மூடியை அழுத்தி மூடுவார். தண்ணீர் நுரைத்துப் பொங்கும். மூடியின் மூக்கு வழியாக ‘வீ...ல்’ என்று ஓர் அலறல் கிளம்பும்.

“கேட்டீங்களா? இந்த விஷத்தைத்தான் தினம் முழுங்கறீங்க! நோய்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மாத்திரைதான் நோய்!”

கூட்டம் உச்சுக் கொட்டும். மிச்ச மாத்திரைகளை வாசலில் இருக்கும் நீல டிரம்மில் கொட்டிவிட்டு, உடம்பில் ஊறிய விஷத்தைக் கழுவ ஆளுக்கொரு பாட்டில் ‘கழுவுநீர்’ வாங்கிக்கொண்டு இறங்கும். கழுவுநீருக்கு விலை கிடையாது, அன்பளிப்புதான். எவ்வளவு அன்பு என்பதை மட்டும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இத்தனை பேரின் அன்பைச் சுமந்து சுமந்து ஒருநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவன், அந்த வட்டாரத்து லிஃப்டுகளுக்கெல்லாம் மெக்கானிக். கீழே போகும் பொத்தானைப் பக்தர்கள் குத்திக் குத்தி அது பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. பழசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதியதை மாட்டினான். மாட்டும்போது உள்ளே ஜாடி அலறியது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எட்டிப் பார்த்தான்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

மெக்கானிக்கின் மனைவி மூன்று தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருந்தாள். சிறிய கடை. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவனேதான் சொன்னான், அதுவும் ஒரு லிஃப்டுக்குள் வைத்து. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “இப்ப கீழே இறங்கிடணும்னா சொல்லு, இறக்கி விட்டுடறேன்” என்றான். அவள் எட்டி, மேலே போகும் பொத்தானை அமுக்கினாள். அவர்கள் காதல் கதையில் இருந்த ஒரே வசனம் அவனுடையது.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே கிளினிக் போனார்கள். டாக்டரம்மா வளவளவென்று பேசாதவர். “மூணு மருந்தை ஒரே மாத்திரையில வச்சிருக்கோம். ஒண்ணை மட்டும் குடுத்தா கிருமி அதை ஏமாத்தக் கத்துக்கும். மூணையும் ஒரே சமயத்துல ஏமாத்த முடியாது” என்றார்.

“லிஃப்டுக்கு நாலஞ்சு கம்பி மாதிரி” என்றான் மெக்கானிக், பெருமையாக.

“அப்படியே வச்சுக்குங்க. தினம் விடாமப் போடுங்க.”

விடாமல் போட்டான். ரத்தத்தில் கிருமி, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கி, அங்கேயே அடங்கிக் கிடந்தது. போன முறை டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதை இப்படியே வச்சிருந்தா தாம்பத்தியத்துல உங்க மனைவிக்குத் தொத்தாது. குழந்தைக்கு நீங்க தாராளமா முயற்சி பண்ணலாம்.” அன்று வீடு வரும் வழியில் அவள் தேவையே இல்லாமல் ஒரு சின்னத் தொப்பி வாங்கினாள்.

சில வாரம் கழித்து ஒருநாள், அந்தத் தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் மடித்து வைக்கும்போதுதான் மாத்திரை டப்பா கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தாள். இந்நேரம் பாதியாவது காலியாகியிருக்க வேண்டிய டப்பா, கனமாகக் குலுங்கியது.

“என்னங்க இது?”

மெக்கானிக் செருப்பைத் தேடுவது போல் குனிந்தான். காலில்தான் இருந்தது.

“அதான்... கிருமி இல்லைன்னு ரிப்போர்ட்டே வந்துடுச்சே. இல்லாத கிருமிக்கு எதுக்கு மாத்திரை? ஜாடியாரும் அதையேதான் சொல்றாரு.”

“யாரு?”

“அந்த நாலாம் மாடி ஜாடியார்தாம்மா. அவர் சொல்றபடி மாத்திரையை நிறுத்திடுன்னு என் தம்பிகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்” என்று குரல் கொடுத்தாள் அவனுடைய அக்கா, சோபாவிலிருந்து. தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போன வாரமே நீல டிரம்மில் கொட்டியவள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. அதை அவள் தேஜஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு டப்பாவோட போய்க் கொட்டிட்டு வந்துடலாம். அப்புறம் பாரு, குழந்தை தானா வரும்!”

“கிருமி போயிடல அண்ணி. மாத்திரை அதை அமுக்கி வச்சிருக்கு. கையை எடுத்தா எழுந்திரிச்சு உக்காந்துக்கும். அப்புறம் இதே மாத்திரைக்கு அடங்காமக்கூடப் போகலாம். எனக்கும் தொத்தும்.” கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, சர்வீஸ் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினீங்களே? சர்வீஸ் பண்றதாலதான்யா ஓடுதுன்னு?”

“அது லிஃப்டு. இது உடம்பு.”

“ஓஹோ. லிஃப்டுக்கு இருக்கிற மரியாதை உடம்புக்குக் கிடையாதாக்கும்.”

“நீ அந்த ஜாடி அலறினதைக் கேக்கலை” என்றான். “என் வயித்துக்குள்ள அப்படி ஒண்ணு தினம் போகுதுன்னு நினைச்சா... உனக்குத் தெரியாது. தினம் அதைக் கையில எடுக்கும்போதெல்லாம், நீ நோயாளிடான்னு அது சொல்லிக்கிட்டே இருக்கு.”

அவளுக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. அவன் நம்பியது ஜாடியை அல்ல, ஒருநாள் அந்த டப்பா இல்லாமல் எழுந்திருக்கலாம் என்கிற ஆசையை. ஆசையோடு வருபவர்களை அவள் கடை நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம் கேட்பார்கள். இல்லை என்றால் கோபித்துக்கொண்டு, இருக்கிறது என்று சொல்லும் கடைக்குப் போய்விடுவார்கள்.

“சரி, போகலாம். நானும் வரேன்” என்றாள். “முடிச்சு நானே முடிஞ்சு தரேன். உங்களுக்கு முடிச்சுப் போட வராது.”

அக்கா பூரித்துப் போனாள். நாத்தனார் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் வீட்டில்தான் லட்சுமி... என்று ஆரம்பித்தவளை மெக்கானிக் சாப்பிடக் கூப்பிட்டுக் காப்பாற்றினான்.

மறுநாள் நான்காம் மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் ஜாடியார். வெள்ளை அங்கி, தோளில் பட்டுக் கைக்குட்டை, நன்றாகச் சாப்பிடுகிற முகம். பக்கத்தில் மைக் பிடித்த அம்மாள் ஒருத்தி, அவர் இருமினால்கூட அதற்கு விளக்கம் சொன்னாள்.

மெக்கானிக்கின் முறை வந்தது. மனைவிதான் முடிச்சை நீட்டினாள்.

“என்ன வியாதிக்கு?” என்றார் ஜாடியார்.

“உங்க ஜாடிக்குத் தெரியாதுங்களா? சொல்லாமலே கண்டுபிடிக்கும்னு கீழே போர்டு வச்சிருக்கே.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைக் அம்மாள் முறைத்தாள். ஜாடியார் பெருந்தன்மையாகப் புன்னகைத்து, பொடியைத் தடவினார், போட்டார், மூடினார். ஜாடி வழக்கத்தைவிடப் பலமாக அலறியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் வெளிறிப்போனான்.

“அய்யய்யோ!” ஜாடியார் மார்பில் கை வைத்தார். “இவ்வளவு கொடிய மாத்திரையை நான் பார்த்ததே இல்ல. இது உங்க வீட்டுக்காரர் ஈரலை அரைச்சுக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் முழுங்கினா, மனுஷன் மிஞ்ச மாட்டார்!”

“நிச்சயமா இதைத்தான் முழுங்கறாருங்களா?”

“ஜாடி பொய் சொல்லாதும்மா!”

“அப்ப வெளியில எடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”

வேண்டாம், விஷம், ஆவி என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்த்தார். அதற்குள் அவளே மூடியைத் திறந்து, இடுக்கியால் முடிச்சை வெளியே எடுத்திருந்தாள். கடையில் புருவம் திருத்தும் அதே இடுக்கி. துணியைப் பிரித்தாள். உள்ளே கருப்பாக, வட்டமாக, நடுவில் வெள்ளை அம்புக்குறியோடு ஒரு பொத்தான். உயரத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தக் கட்டடத்து லிஃப்ட் பொத்தானுங்க. நீங்க எல்லாரும் அமுக்கி அமுக்கி உடைச்சதேதான். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில கிடந்தது. இதை அமுக்கினா கீழே போகலாம். முழுங்கினா எங்க போவோம்னு எனக்குத் தெரியாது. அவர் இதுவரைக்கும் முழுங்கினதில்ல.”

கூட்டத்தில் சிரிப்பு வெடித்திருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கை அவ்வளவு சுலபத்தில் சாகிற பிராணியா?

“நோயாளிங்க எத்தனை பேர் தொட்ட பொத்தான்! விஷம் அதுல ஊறியிருக்கும்!” என்றாள் மைக் அம்மாள்.

“அதானே!” என்றது கூட்டம், நிம்மதியாக.

“அதேதான்!” என்றார் ஜாடியார், அதைவிட நிம்மதியாக.

அழகு நிலையக்காரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தன் பங்கை அவள் முடித்துவிட்டாள். மெக்கானிக் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனே கழற்றியது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் பிளாஸ்டிக், அவ்வளவுதான் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? லிஃப்ட் நின்றால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பவன் அவன். முடிச்சுக்குள் இருந்தது மாறியும் அலறல் மாறவில்லை. அப்படியானால் பழுது வேறு இடத்தில்.

அவன் மேடையேறினான்.

“ஐயா, உங்க உடம்புல விஷம் கிடையாதில்ல?”

“எனக்கா? நான் பரிசுத்தம்!”

“அப்ப இதைக் கொஞ்சம் குடுங்க.” தோளில் இருந்த பட்டுக் கைக்குட்டையை உருவினான். முதலில் அப்படியே ஜாடிக்குள் முக்கி மூடினான். ஜாடி கம்மென்று இருந்தது. வெளியே எடுத்துப் பிழிந்தான், சாந்திப் பொடியை அள்ளித் தடவினான், மறுபடியும் போட்டு மூடினான்.

ஜாடி அலறியதே ஓர் அலறல்! மூடி எகிறி மைக் அம்மாளின் காலடியில் விழுந்தது. நுரை பொங்கி மேஜை, அங்கி, அன்பளிப்புப் பெட்டி எல்லாவற்றையும் குளிப்பாட்டியது.

“அடடா, ஐயாவுக்குத்தான் ரொம்ப முத்திப்போயிருக்கு போல” என்றான் மெக்கானிக்.

இப்போது வெடித்தது சிரிப்பு. “பாத்திரம் தேய்க்கற சோடாவையும் புளிச்ச தண்ணியையும் சேர்த்தா எங்க கடை வாஷ்பேசின்கூட இப்படித்தாங்க பொங்கும். விசில் மட்டும்தான் பாக்கி” என்றாள் அவன் மனைவி. ஜாடியார் லிஃப்டுக்கு ஓடினார். பாதிக் கூட்டம் அவருக்கு முன்பே அதில் ஏறி நின்று, எடை தாங்காமல் அது ‘கீங் கீங்’ என்று கத்திக்கொண்டிருந்தது. பரிசுத்தர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்.

மிச்சக் கூட்டம் நீல டிரம்மில் பாய்ந்தது. “என்னோடது வெள்ளை!” “எல்லாமே வெள்ளைதானேய்யா!” அக்கா முழங்கை வரை உள்ளே விட்டு, கையில் அகப்பட்ட ஒரு சிவப்பு மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனாள். அழகு நிலையக்காரி பாய்ந்து தட்டிவிட்டாள்.

“அண்ணி! அது யாரோட மாத்திரையோ! ஏங்க எல்லாரும், இதுல ஒண்ணையும் வாயில போடாதீங்க. அவங்கவங்க டாக்டர்கிட்ட போய், நிறுத்தினோம்னு நேரா சொல்லுங்க. திட்டுவாங்க. வாங்கிக்குங்க.”

மெக்கானிக்கும் மனைவியும் அன்றே கிளினிக் போய்த் திட்டு வாங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திட்டினார், மாட்டிக்கொண்டும் திட்டினார். “மாத்திரையை இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க. விட்டதையெல்லாம் சேர்த்து முழுங்கிடாதீங்க. ரத்தம் குடுத்துட்டுப் போங்க. மறுபடி அடங்கியிருக்குன்னு நான் சொல்ற வரைக்கும் ஆணுறை. குழந்தை கொஞ்சம் காத்திருக்கட்டும். மனைவிக்கும் பரிசோதனை பண்ணிடுவோம். அந்தத் தண்ணியைக் குடிச்சீங்களா?”

“ஒரு மூடி.”

“சத்து மாத்திரையோ, பொடியோ, கஷாயமோ, எதுவானாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான். சிலது இந்த மருந்தை வேலை செய்ய விடாது. உடம்புக்கு ஏதாவது பண்ணினாலும் நீங்களா நிறுத்தக் கூடாது. இங்க வாங்க, வேற மருந்து இருக்கு.”

காத்திருந்த நாட்களில் மெக்கானிக் தானாகவே டப்பாவைத் திறந்தான். அவள் கேட்காமலே, விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். “சர்வீஸ் முடிஞ்சுது மேடம்.” முடிவுகள் வந்தன. அவளுக்குத் தொற்றவில்லை. அவனுக்குக் கொஞ்சம் தலைதூக்கியிருந்த கிருமி, அடுத்த பரிசோதனைகளில் வாலைச் சுருட்டிக்கொண்டு பழையபடி அடங்கியது. டாக்டரம்மா “சரி” என்றார். அன்று மாலை அவள் அலமாரியிலிருந்து சின்னத் தொப்பியை எடுத்து, சும்மா, உதறி மடித்து வைத்தாள்.

ஜாடியார்? பக்கத்து ஊரில் இப்போது ஒரு விளக்கு சிரிக்கிறதாம். கூட்டம் தாங்கவில்லையாம். அங்கேயும் லிஃப்ட் உண்டு. அதற்குள் ஒரு தகடு ஒட்டியிருக்கும், இத்தனை பேருக்கு மேல் ஏறாதீர்கள் என்று. நான்கு மாடி ஏறுவதற்கே அதைப் படித்து, தலையை எண்ணிப் பார்த்து, சந்தேகம் வந்தால் இறங்கிக்கொள்கிறோம். உயிரையே தூக்கி ஒருவன் கையில் கொடுக்கும்போது மட்டும் ஏன் ஐயா, கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுகிறோம்?