ஒரே ஒரு சிவப்புப் புள்ளி

இடுப்பு பிடித்துக்கொண்டதால் செட்ரிக் ஹார்க்கில்டன் 'கறுப்புக் காளை' பப்பின் நீள பெஞ்சில் மல்லாந்து கிடந்தார். கல்குவாரியில் சம்மட்டி பிடித்து வளர்ந்த இடுப்பு. அவர் அப்பாவுக்கும் இதே இடத்தில் வலித்தது, தாத்தாவுக்கும் வலித்தது. "ஹார்க்கில்டன் இடுப்பு" என்று அதையும் ஒரு சொத்துப்போலத்தான் அவர் சொல்லிக்கொள்வார். முதுகுக்கு அடியில் வெந்நீர்ப் பை, நெஞ்சின் மேல் ஒரு கிளாஸ் பீர். கிளாஸ் சாயாமல் மூச்சு விடுவது எப்படி என்று அவருக்குப் பழகியிருந்தது.

அப்போதுதான் நனைந்த மழைக்கோட்டோடு அந்தக் கனடாக்காரர் உள்ளே வந்து, இங்கே ஹார்க்கில்டன் என்று யாராவது உண்டா என்று கேட்டார்.

செட்ரிக் படுத்தபடியே கையைத் தூக்கினார். "இருக்கிற ஒரே ஆள் நான்தான்."

வந்தவர் பெயர் ராண்டால் ஹார்க்கில்டன். ஒன்டாரியோவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா சைலஸ் இந்த கிரிம்டேல் பள்ளத்தாக்கிலிருந்து கப்பலேறிப் போய், மாட்டுப் பண்ணை வைத்து, பெரிய ஆளாகிச் செத்தாராம். இப்போது அங்கே ஹார்க்கில்டன்கள் பெருத்துவிட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. ராண்டால் அதன் செயலாளர். ஒவ்வொரு கோடையிலும் பூர்வீக ஊரில் கூடலாம் என்று சங்கத்தில் பேச்சு. ஊரில் சொந்த ரத்தம் மிச்சமிருந்தால் இங்கே கூடுவார்கள். இல்லாவிட்டால் நகரத்து ஓட்டலில்.

கவுன்டருக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த டெனீஸின் கை நின்றது. அவள் செட்ரிக்கின் ஒரே மகள். பப்பை நடத்துவதும் அவள்தான், மாடியில் குடியிருப்பதும் அவள்தான். வியாபாரம் ஏறாவிட்டால் புது வருஷத்தில் கடையை மூடி, வீடுகளாகப் பிரித்து விற்றுவிடுவோம் என்று பீர் கம்பெனிக்காரன் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒரு பஸ் நிறையக் கனடாக்காரர்கள் வருஷா வருஷம் வந்து தின்று குடித்தால் அவள் தப்பித்தாள்.

இதைச் செட்ரிக்கும் கணக்குப் போட்டுவிட்டார். மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

ராண்டால் மேசையில் வரைபடங்களை விரித்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அவரே வரைந்தவை. ஹார்க்கில்டன் குடும்பம் இருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி. விக்டோரியா ராணி காலத்துப் படத்தில் இங்கிலாந்து முழுக்க வெறுமை. கிரிம்டேல் மட்டும் அம்மை வார்த்த முகம்போலச் சிவந்திருந்தது. அதற்கு அடுத்த கணக்கெடுப்பில் அத்தனையும் போய் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் செட்ரிக்கின் வீடு.

பத்தே வருஷத்தில் இத்தனை பேர் எங்கே போனார்கள் என்பதுதான் தனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி என்றார் ராண்டால். அக்கம்பக்கத்து ஊர்களிலும் தேடிப் பார்த்துவிட்டார். ஒருவர்கூட இல்லை.

"காலரா" என்றார் செட்ரிக், கண்ணை இமைக்காமல்.

ஜன்னலோரம் டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். நார்மன் பெக் தன் கிளாஸுக்குள் எதையோ தேடினார். கென் பார்னுக்கு இருமல் வந்தது. காலிக் கிளாஸ்களைப் பொறுக்க வந்த ஐவி கிளஃப், பொறுக்காமல் நின்றாள். எழுபது தாண்டியும் அங்கே பாத்திரம் கழுவுகிறவள்; வாயைத் திறந்தால் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கும் என்பதால் அதிகம் திறக்கமாட்டாள்.

"வாரிக்கிட்டுப் போயிருச்சு. எங்க வீட்டு ஆளுங்க மட்டும் கெட்டி" என்று செட்ரிக் தொடர்ந்தார். "இவங்கள்லாம் அப்புறம் வந்து குடியேறுனவங்க. பெக்னா ஓடை, கிளஃப்னா சரிவு, பார்ன்னா தொழுவம். வர்ற வழியில கண்ணுல பட்டதைப் பேரா வச்சுக்கிட்ட கூட்டம். எங்க பேருதான் இந்த ஊரோட சொந்தப் பேரு."

"அப்பா, கொஞ்சம் அளந்து பேசுங்க" என்றாள் டெனீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

அளந்துதான் பேசினார், பெரிய படியால். கையில் காசில்லாத சைலஸ் எப்படிக் கப்பலேறினார் என்று தெரியவில்லை என்று ராண்டால் சொன்னதும், கொடுத்தது தன் கொள்ளுத்தாத்தாதான் என்றார் செட்ரிக். குளிருக்குப் போட்டிருந்த ஒரே கோட்டைக் கழற்றி விற்றுக் கொடுத்தாராம். ராண்டாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் கிளம்பும்போது டாமினோ மேசையிலிருந்து நார்மன், "காளையை விட்டுட்டுப் போங்க" என்றார். கிரிம்டேலில் யார் வெளியூர் போனாலும் அப்படித்தான் வழியனுப்புவார்கள். மற்றவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். பப்பின் பெயரை வைத்துச் சொல்வது என்று ராண்டாலுக்கு விளக்கம் கொடுத்தார் செட்ரிக்.

மறுநாள் காலை ராண்டால் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து நின்றார். காலராவில் செத்த ஒருவருக்குக்கூடக் கல் இல்லையே என்றார்.

காலராப் பிணத்தை யார் தோட்டத்தில் புதைப்பார்கள், எல்லாரையும் குவாரிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள் என்றார் செட்ரிக். எந்தக் குழி என்று கேட்டபோது, குவாரியிலேயே பெரிய குழியைக் காட்டினார். ராண்டால் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கே நின்றார். அன்று சாயங்காலமே சங்கத்துக்கு எழுதிவிட்டார்: இறந்துபோன உறவுகளுக்கும், சைலஸுக்கு வழிச்செலவு கொடுத்த வள்ளலுக்கும் சேர்த்து ஒரு பித்தளைப் பலகை, 'கறுப்புக் காளை'யின் வாசலில்.

அதற்கு முன் ஒரு சின்னச் சம்பிரதாயம் என்று நான்கு குப்பிகளை நீட்டினார். எச்சில் சோதனை. குடும்பத்தில் நான்கு பேர் துப்பிக் கொடுத்தால் போதும். கனடா ரத்தமும் கிரிம்டேல் ரத்தமும் ஒன்று என்று எழுத்தில் வந்துவிடும்.

செட்ரிக்கின் வாய் முதல்முறையாக வறண்டது. அவருடைய அப்பா பிறப்பதற்கு முந்தைய வருஷம் முழுக்கத் தாத்தா போருக்குப் போய் பிரான்ஸில் பதுங்குகுழியில் இருந்தார். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசாததனாலேயே அவருக்குத் தெரியும்.

குப்பிகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு விடிய விடிய யோசித்தவர், காலையில் தெளிவாக எழுந்தார். தன் எச்சில் மட்டும் போய்த் தோற்றால் அது அவருக்கு அவமானம். நான்கும் தோற்றால்? சோதனைக் கம்பெனி எதையோ மாற்றிவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். ஆகவே நிச்சயமாகத் தோற்கிற மூன்று பேர் வேண்டும்.

நார்மனைக் கேட்டார். ஆளுக்கு ஒரு கிளாஸ் பீர் தருவதாகவும் சொன்னார். நார்மன் பீர் வேண்டாம் என்றார். நார்மன் பீர் வேண்டாம் என்று சொன்னதை ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"உனக்குத் துப்புறதுக்குக் கூலி எதுக்குடா? எத்தனை வருஷ ஆசை" என்று சொல்லிவிட்டுக் குப்பியை நிரப்பினார். கென்னும் துப்பினார். ஐவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூடியைத் திருகி, பொறுப்பாகத் துப்பி, பொறுப்பாக மூடினாள். நான்காவதில் செட்ரிக் துப்பினார். தம்பி, சித்தப்பா மகன், அத்தை மகள் என்று ஏதோ உறவு எழுதி நான்கையும் அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து டெனீஸ் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். நான்கும் பொருந்திவிட்டன. கனடாவில் எல்லாருக்கும் சந்தோஷமாம். ஜூனில் பஸ் நிறைய வருகிறார்களாம். ஒருவர் என்று நினைத்த இடத்தில் நான்கு ஹார்க்கில்டன்கள் இருப்பதால் மற்ற மூன்று பேரையும் கட்டித் தழுவ ஆவலாக இருக்கிறார்களாம்.

செட்ரிக் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டியைப் பற்றி இத்தனை காலம் தப்பாக நினைத்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அது முடிந்ததும் நார்மனின் முகம் நினைவுக்கு வந்தது.

"கம்பெனி நெசமாவே சரியில்ல டெனீஸ். ஓடைக்காரனுக்கு எங்கேருந்து வந்துச்சு என் ரத்தம்?"

"அதெல்லாம் ஆராயாதீங்கப்பா. மூணு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவைங்க" என்றாள் டெனீஸ். அப்பாவைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு நாளைக்கு ஹார்க்கில்டனாக இருக்க நார்மன் ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது, சொந்தக்காரன்தானே வந்து குத்தவேண்டும் என்றார். கென்னுக்குக் கரி இறக்கவேண்டியிருந்தது. ஐவிக்குக் கோழிக்கூட்டை இடம் மாற்றவேண்டுமாம். மே மாதம் முழுக்கச் செட்ரிக் சொந்தங்களுக்கு உழைத்தார். பஸ் வந்த அன்று அவரால் நிமிர முடியவில்லை. கனடாக்காரர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. இவர்களை வந்து குடியேறியவர்கள் என்றது சொந்தக்காரர் கிண்டல், பெயர் அம்மா வழி என்று செட்ரிக் ராண்டாலிடம் முன்பே சமாளித்திருந்தார். மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட டெனீஸின் 'பை'களும் ஊறவைத்த சிவப்புக் கோசும் தீரத் தீர வந்தன. பீர்க் குழாயை அடைக்க நேரமில்லை. "அண்ணே, அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்று நார்மன் செட்ரிக்கைப் பார்த்து வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கென்னை ஒரு கனடாக்காரி கட்டிக்கொண்டு அழுதாள். கென்னும் அழுதார், ஆனால் சிரிப்பை அடக்கியதால் வந்த அழுகை அது. அடுத்த கோடைக்கும் அதற்கடுத்த கோடைக்கும் முன்பணம் தரத் தயார் என்று ராண்டால் டெனீஸின் காதில் சொன்னார். பலகையைத் திறந்ததும் எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். மேலே காற்றில் ஆடும் மரப்பலகையில் கறுப்புக் காளை. அதற்குக் கீழே துணி மூடிய பித்தளைப் பலகை. ராண்டால் துணியை இழுத்துவிட்டுக் குரலை உயர்த்திப் படித்தார். காலராவுக்கு இரையாகிக் குவாரிக் குழியில் உறங்கும் ஹார்க்கில்டன்களின் நினைவாக. தன் ஒரே கோட்டை விற்று, சைலஸைக் கப்பலேற்றிவிட்ட செட்ரிக்கின் கொள்ளுத்தாத்தாவுக்கு நன்றியாக.

கனடாக்காரர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் யாரும் தட்டவில்லை. செட்ரிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்த வாக்கில் முடிந்த அளவு கம்பீரமாக நின்றார்.

"கோட்டை வித்தானாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

ஐவி. சமையலறை ஏப்ரனோடு வாசற்படியில் நின்றாள். இதுவரை எல்லாவற்றையும் பொறுத்தவள். அந்தக் கோட்டைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

டெனீஸ் போய் அவள் கையைப் பிடித்தாள். "ஐவி, வேணாம் ஐவி. கறியெல்லாம் ஆறிடும்."

"ஆறட்டும் கண்ணு. அந்தக் குழியில நம்ம ஊரு குவாரிக்காரன் உடைஞ்ச லாரியைத்தான் புதைச்சு வச்சிருக்கான். அதுக்குப் போயி இந்த மனுஷன் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கிறாரு." அவள் ராண்டால் பக்கம் திரும்பினாள். நார்மனும் கென்னும் தரையைப் பார்த்தார்கள். டெனீஸும் பார்த்தாள். ஊரே தரையைப் பார்ப்பதைச் செட்ரிக் அப்போதுதான் கவனித்தார். தெரியாதது தனக்கு மட்டும்தான் என்று அவருக்கு மெல்ல உறைத்தது.

ராண்டால் பலகையை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். அப்படியானால் அந்தச் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் எங்கேதான் போயின என்று கேட்டார்.

"எங்கயும் போகல, இதோ உங்க முன்னாடி நிக்குறோம். ஊருக்கெல்லாம் பொதுவா இருந்த ஒரே காளையை உங்க சைலஸ் ஓட்டிக்கிட்டுப் போயி லிவர்பூல்ல வித்துக் கப்பலேறுனான். அந்த ஞாயித்துக்கிழமை சேப்பல்ல கூடி, இனிமே அந்தப் பேரே வேணாம்னு அத்தனை ஹார்க்கில்டனும் கழட்டிப் போட்டுட்டு, ஓடை, சரிவு, தொழுவம்னு அவனவன் இருந்த இடத்தைப் பேரா வச்சுக்கிட்டான். இவன் கொள்ளுத்தாத்தா மட்டும் இடுப்பு வலின்னு கூட்டத்துக்கு வரல; அவனுக்கு யாரும் சொல்லவுமில்ல."

செட்ரிக்கின் கை தானாக இடுப்பிலிருந்து இறங்கியது.

ராண்டால் மேலே ஆடிக்கொண்டிருந்த மரப்பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, நாங்கள் என்ன செய்யட்டும் என்று சின்னக் குரலில் கேட்டார்.

"வருஷா வருஷம் வாங்க, வயிறார சாப்பிடுங்க, இந்தப் பொண்ணு கடை நடக்கட்டும்" என்றாள் ஐவி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அதெல்லாம் கணக்குல சேராது. ஒரு காளை. கறுப்பு. இன்னும் பாக்கி."