பன்னிரண்டு உறையும் இருபத்துநாலு கண்ணும்

வேலூர்,
1932 ஆவணி 14, இரவு

பொறுமையில் பூமாதேவியான செல்லம்மாள் அக்கா அவர்களுக்கு, தங்கை சுந்தரி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் ஒருத்தி தவிர யாவரும் சுகம். அப்பா சுகமாக இருப்பதுதான் இப்போது பெரிய சிக்கல். அதைக் கீழே விளக்குகிறேன். கணியம்பாடியில் நீயும் மாமாவும், நடவுக்கு வந்திருக்கும் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். இதை அம்மா எதிரில் பிரிக்காதே. அம்மாவுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது, ஆனால் உன் முகத்தைப் படித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் சாலுக்காக மாமா புதுத் தோல் வாங்கி வைத்திருக்கிறாரே, அதை இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்ப வேண்டும். காரணம் கேட்காமல் அனுப்பினால் உத்தமம். நீ கேட்பாய், ஆகையால் எழுதுகிறேன்.

போலீசாருக்குப் பன்னிரண்டு துப்பாக்கி உறை வேண்டும் என்று ஜியாவுல்லா சாயபு அப்பாவிடம் வேலை கொடுத்திருந்தார். அப்பா தோலை வெட்டி, நனைத்து, கட்டையில் செதுக்கிய துப்பாக்கிமேல் இழுத்து வடிவம் பிடித்து, தைத்தும் முடித்துவிட்டார். உறையின் முதுகில் பெல்ட் நுழைய இரண்டு நீளத் துளை மட்டும் பாக்கி. அப்பா அதைக் கண் என்பார். அடுத்த வேலைக்குத் தோல் பார்க்க இன்று காலை ஆம்பூர் புறப்பட்டவர், "உளி இருக்கு, அட்டை இருக்கு, உன் கை நேரா நிக்கும். நீயே கண்ணு வெட்டிடு. கெடுத்துட்டீன்னா படிச்சது போதும்னு வூட்ல உக்கார வெச்சிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதை அப்பா செய்யாமல் விட்டதில்லை. உன் கல்யாணத்தையும் அப்படித்தான் சொன்னார்.

கண்ணின் அளவுக்கும் சாய்வுக்கும் அப்பா வெட்டி வைத்திருந்த அட்டையை வைத்துக் கோடு போட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் இருபத்துநாலு கண்ணையும் வெட்டினேன். கண் சாய்வாக இருக்க வேண்டும். உறையின் வாய் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால்தான் போலீஸ்காரர் குனியும்போது துப்பாக்கி விழாது. சரி பார்ப்போம் என்று பக்கத்து வீட்டு முனவ்வரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, அப்பாவின் பெல்ட்டை அவள் இடுப்பில் நானே கட்டி, வலப்பக்கம் உறையை மாட்டி, கட்டைத் துப்பாக்கியைச் செருகி, "குனிடி" என்றேன். குனிந்தாள். துப்பாக்கி நேராக அவள் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. "இன்னாடி இது, திருடன சுடறதுக்கு முன்னாடி என்னச் சுடுது" என்று நொண்டிக்கொண்டே போய்விட்டாள். உறையின் வாய் முன்னால் சாய்ந்திருந்தது அக்கா. பன்னிரண்டும் அதே அட்டையில் வெட்டியவை. அட்டையைத் தலைகீழாகப் புரட்டி வைத்துவிட்டேன் என்று புரிந்ததும் எனக்குக் கண் இருட்டியது.

அந்த நேரம் பார்த்து முனவ்வரின் அப்பா ஜியாவுல்லா சாயபுவே வாசலில் வந்து நின்று, "சரக்கு முடிஞ்சுதாம்மா? அப்பா எங்கே?" என்றார். உறையைக் கேட்டுவிடுவாரே என்ற பயத்தில், "அப்பாவுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். "ஜாஸ்தியா கம்மியா?" என்றார். எது நல்லது என்று தெரியாமல் ஜாஸ்தி என்றேன். "அப்போ நாளன்னிக்குக் காலையில குடுத்தா போதும், அப்பாவ அலட்டிக்க வேணாம்னு சொல்லு" என்று போனார். ஒரு நாள் கிடைத்ததே என்று மூச்சு விடுவதற்குள் அவர் சம்சாரம் ஹலீமா பீ ஒரு செம்பு கஷாயத்தோடும் இரண்டு கம்பளியோடும் வந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே நுழையவும், ஆம்பூரிலிருந்து அப்பா வெற்றிலை மென்றுகொண்டு திடகாத்திரமாகத் தெருவில் வரவும் சரியாக இருந்தது.

"ஜுரத்தோட எங்கே சுத்திட்டு வர்றீங்கண்ணே? படுங்க மொதல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லியேம்மா."

"தலைக்கு ஏறிட்டா அப்படித்தான் சொல்வாங்க. சுந்தரி, பாய் போடு."

போட்டேன். வேறென்ன செய்ய? அப்பா யார் மனமும் நோகாமல் நடப்பவர். படுத்தார், கஷாயத்தைக் குடித்தார், இரண்டு கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டினார். பிறகு தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்து, "ஆமா, சூடாத்தான் இருக்குது" என்றார். இப்போது கூடத்தில் கிடந்து குறட்டை விடுகிறார். நான் அடுப்படியில் சிமினி விளக்கைத் தாழ்த்திக்கொண்டு எழுதுகிறேன். குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது. ஒரு உறையிலாவது குற்றத்தைத் திருத்தலாம் என்று, பழைய கண்ணுக்குப் பக்கத்தில் எதிர்ச் சாய்வில் புதிதாக இரண்டு கண் வெட்டிப் பார்த்தேன். நாலு கண்ணோடு அது என்னை முறைக்கிறது. வீட்டில் வேறு தோல் இல்லை. மாமாவின் தோல் வந்தால்தான் நான் ஏழாம் வகுப்பை முடிப்பேன். அக்கா, உன்னை விட்டால் எனக்கு யார்?

மாமாவுக்கு என் நமஸ்காரம். அம்மாவுக்குச் சொல்லாமல் அம்மாவுக்கும் நமஸ்காரம். நட்ட நாற்று ஒன்று விடாமல் பிடித்து, உங்கள் வீடு நெல்லால் நிறையட்டும்.

இப்படிக்கு,
பயத்தில் பாதியாகிவிட்ட தங்கை
சுந்தரி

பி.கு.: தோல் அனுப்ப வேண்டாம். கடிதத்தை மடிக்குமுன் கடைசியாக ஒரு தடவை, புதுக் கண் வெட்டாத உறை ஒன்றை என் இடுப்பிலேயே வலப்பக்கம் கட்டிக் குனிந்தேன். துப்பாக்கி விழவில்லை. முனவ்வர் எனக்கு எதிரே நின்றதால், என் வலக்கைப் பக்கம் இருந்த அவள் இடப்பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பன்னிரண்டும் முதலிலேயே சரி. சந்தோஷத்தில் ஏழெட்டு தடவை குனிந்து நிமிர்ந்தேன். எட்டாவது தடவை குறட்டை நின்றிருந்தது. எழுந்து நின்ற அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு கண் உறையைக் கையில் வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலப்பக்கமும் மாட்டலாம், இடப்பக்கமும் மாட்டலாம். இதெப்படி எனக்குத் தோணாம போச்சு?" என்றார். படிப்பை நிறுத்தப்போவதில்லையாம். ஆனால் நாளைக்கு மட்டும் பள்ளிக்கூடம் போகக் கூடாதாம். அவருக்குக் காய்ச்சலாம், பதினொரு உறைக்கு இன்னும் இரண்டிரண்டு கண் பாக்கி இருக்கிறதாம்.