கரடி வீட்டு சவுண்ட்பார்

ஒரு காட்டில், கரண்டும் கேபிளும் வந்துசேர்ந்து, குடிதண்ணீருக்கு மட்டும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு காட்டில், கரடி ஒன்று குடும்பத்தோடு வசித்துவந்தது. கன்னங்கரேலென்று இருக்கும் அதற்கு வெள்ளைச்சாமி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் காரணம் கேட்க வழியில்லை.

வெள்ளைச்சாமிக்கு ஒரே மகள், தேன்மொழி. டவுனுக்குப் போய்ப் பாட்டுப் படித்தவள், டிவியில் நடக்கும் பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. மகள் வீட்டில் இருந்த காலத்தில், அவள் வாயைத் திறந்தாலே "பாட்டா சோறு போடும்?" என்று அதட்டியவர் இதே வெள்ளைச்சாமிதான். அந்த உறுத்தல் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு பாட்டையாவது முதலிலிருந்து முடிவுவரை காது குளிரக் கேட்டுவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

வீட்டில் டிவி இருந்தது. ஆனால் அதற்குக் குரல் இல்லை. பக்கத்து மரத்து அணில் அன்னக்கொடி, டிவியின் முதுகுக்குள் வேர்க்கடலை இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு உள்ளே புகுந்து, ஸ்பீக்கர் வயரைக் கடித்துப் பார்த்திருந்தாள். வேர்க்கடலை இல்லை என்று தெரிந்ததும் நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிட்டாள். ஆகவே வெள்ளைச்சாமி டவுனுக்கு ஆள் அனுப்பி ஒரு சவுண்ட்பார் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. பூஜை போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்று அவர் மனைவி பாக்கியம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முக்காலி அகலத்துக்கு நீளமாய்க் கறுப்பாய் இருந்த அதன் நட்டநடுவில், கண்ணாடி பதித்த சின்ன வட்டம் ஒன்று இருந்தது. கம்பெனிக்காரனே பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறான், விவரமானவன் என்று மெச்சிக்கொண்டு, பாக்கியம் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்த வட்டத்தில் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். சூடம் காட்டியாயிற்று. வெள்ளைச்சாமியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு சுவிட்சைப் போட்டார். பெட்டியின் ஓரத்தில் நீல விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. ரிமோட்டை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். நீல விளக்கு அசையவில்லை. பேட்டரியை உருட்டிப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், வேட்டியில் துடைத்துப் பார்த்தார். ரிமோட்டுக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் அவ்வளவுதான்.

அதற்குள் ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. காட்டில் வேறு யார் வீட்டிலும் டிவி கிடையாது. மான், முயல், நரி, காட்டெருமைக் குடும்பம் என்று ஆளுக்கொரு பாயோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, இந்தக் காலத்துச் சாமான்களில் வயர் தரமாகவே இல்லை, தான் பார்த்தவரை ருசியும் கிடையாது என்று எடுத்துச் சொன்னாள்.

வயர்மேன் குப்பாண்டியை அழைத்துவந்தார்கள். குரங்கு. பெட்டியின் பின்னால் இருந்த எல்லா வயரையும் ஒரே பிடியாகப் பிடுங்கினான். திரும்பச் செருகினான். பிறகு யோசித்து, மறுபடியும் பிடுங்கிச் செருகினான். "அண்ணே, வயரு கரெக்டா இருக்கு. கரண்டு கரெக்டா இருக்கு. சத்தம் மட்டுந்தான் வரல" என்று அறிக்கை கொடுத்துவிட்டு ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளைச்சாமி சேவை மையத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு கிளி எடுத்தது. அவருடைய அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நாலு தடவை சொன்னது. பெட்டியை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போடச் சொன்னது. போட்டார். டிவியை அணைத்துப் போடச் சொன்னது. அதையும் செய்தார். கடைசியாக, சார் உங்கள் ரிமோட் சவுண்ட்பாரை நேராகப் பார்க்கிறதா, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று கேட்டது. வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒரு முயல் குட்டி உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் மறைக்கவில்லை என்றார். அப்படியானால் ஏழு வேலை நாட்களுக்குள் ஆள் வருவார் என்று சொல்லிக் கிளி போனை வைத்துவிட்டது.

மணி ஐந்தே முக்கால். வெள்ளைச்சாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுவரில் ஒரு பல்லி இருந்தது. நேற்று பூஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பல்லி. அதற்கு மேலும் பொறுக்க முடியாமல், "அந்தச் சந்தனத்தைத் துடைங்க. ரிமோட்டுக்குக் கண்ணு அங்கதான் இருக்கு" என்றது.

கூட்டம் அப்படியே நிமிர்ந்தது. பாக்கியம் தரையை மூன்று முறை தொட்டுக் கும்பிட்டாள். பல்லி எந்தத் திசையில் சொன்னது என்று நரி கேட்டது. கிழக்கு என்றது மான். கிழக்கா, தென்கிழக்கா என்று வாக்குவாதம் வந்தது. காட்டெருமை எழுந்து நின்று சூரியனைப் பார்த்துக் கிழக்கேதான் என்று தீர்ப்புச் சொன்னது. கிழக்கே பல்லி சொன்னால் நினைத்தது நடக்கும் என்று எல்லாரும் வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பல்லி இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது. அடுத்தடுத்துச் சொன்னால் இரட்டிப்புப் பலன் என்று பாக்கியம் பூரித்துப்போனாள். என்ன சொன்னது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குத் தேன்மொழி மேடைக்கு வந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறையப் பூ. மைக்கைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவள் கையை உயர்த்தும்போது மேல் ஸ்தாயி என்று புரிந்துகொண்டு மான் தலையை ஆட்டியது. நரி தொடையில் தாளம் போட்டது. இழைகிறாள் என்றது காட்டெருமை. வெள்ளைச்சாமி மகளின் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அதட்டி அடக்கிய தொண்டை. தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது.

ஓட்டுப் போட மிஸ்டு கால் எண்ணைத் திரையில் காட்டியதும் காடே போனை எடுத்தது. அன்றைக்கு விழுந்த மிஸ்டு காலில் மற்ற போட்டியாளர்கள் இருந்த இடம் தெரியாமல் போனார்கள். கோப்பை தேன்மொழிக்கு.

மறுநாள் காலை, வீட்டில் வெள்ளைச்சாமியைத் தவிர யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து மறுபடியும் சொன்னது. பலன் பார்க்க ஆள் இல்லாததால், வெள்ளைச்சாமிக்கு அது சொன்னது புரிந்தது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். ரிமோட்டை அழுத்தினார். நீல விளக்கு பச்சையானது. அந்த நேரம் பார்த்து மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது.

தேன்மொழி பாடினாள். முதல் வரியில் வெள்ளைச்சாமி, சவுண்ட்பார் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். இரண்டாவது வரியில், பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. பல்லி மரியாதையாகக் கூரைக்கு ஏறிவிட்டது. பாட்டு முடிந்தபோது நடுவர் ஒருவர் காதில் விரல் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். வெள்ளைச்சாமிக்குத் துக்கமும் பாசமும் ஒன்றாகப் பொங்கின. இந்தக் குரலை வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் போய் நின்றாளே என் குழந்தை, என்ன தைரியம் அவளுக்கு என்று நினைத்தார்.

அப்போது போன் அடித்தது. மகள்.

"அப்பா, என் பாட்டைக் கேட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேத்தும் அழுதேம்மா. இன்னைக்கும் அழுதேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசும்பல் சத்தம் கேட்டது. அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. பிறகு, வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகவும், காடு முழுவதையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மைக் இல்லாமல், மூன்று மணி நேரம் நேரிலேயே பாடப்போவதாகவும் சொன்னாள்.

"வாம்மா" என்றார் வெள்ளைச்சாமி. "எல்லாரையும் அப்பாவே கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய் அழைத்தார். ஒருவர் வீட்டையும் விடவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் ஆயிற்றே.

நீதி: பிள்ளைகளின் அருமையைக் கண்ணால் கண்டதோடு நிறுத்திக்கொள்க. சத்தம் வராத பெட்டியைச் சரிசெய்யக் கிளம்புகிறவன், ஊரையே மூன்று மணி நேரம் உட்காரவைப்பான்.