சேத்து டாக்டரும் மூன்று வாரச் செவுளும்

கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கம்மல், மோதிரம், கரண்டி, கத்தி என்று உலோகம் எதைக் கண்டாலும் பின்வாங்கிய ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, சேத்து டாக்டர்தான்.

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். வாய்க்காலில் சேறு, கடலில் தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாகச் சேர்த்ததால் தெருவே வைத்த பெயர் அது. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்கிறாராம். நான் எட்டாவதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். பட்டம் கைக்கு வந்த பிறகும் படிப்பை விடாத ஆளை எப்படி நம்புவது?

"சாக்ஸு, சோப்பு, பெயின்ட்டுல எல்லாம் கிருமி வராம இருக்க வெள்ளித் தூள் கலக்கறாங்கண்ணே. கண்ணுக்கே தெரியாத தூள். அது வாய்க்கால் வழியா கடலுக்குப் போயி மீனுக்குள்ள சேருதான்னு பாக்கறேன்" என்றார்.

மீன் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மனைவி செல்வி கூடையில் மீன் விற்கிறவள். தட்டாஞ்சாவடி பட்டறையில் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வெல்டிங் வேலை. மற்ற நாளெல்லாம் அடுப்பு எரிவது அந்தக் கூடையால். மீனில் உலோகம் இருக்கிறது என்று இந்தம்மா ஒரு வரி எழுதினால் எங்கள் கதை முடிந்தது. அதுவும் கண்ணுக்கே தெரியாத தூள்! இல்லாததை இருக்கிறது என்று எழுதினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன்.

சனிக்கிழமைதோறும் செல்வியிடம் மீன் வாங்குவார். வாங்குகிற விதம் இருக்கிறதே! மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றச் சொன்னார். செல்வி இடுப்பில் கைவைத்தாள்.

"தாலியையும் கழட்டணுமா டாக்டரு? அந்தாளு இங்கதான் நிக்கறாரு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"ஐயோ, வேணாங்க்கா! மேல இந்த பிளாஸ்டிக் கோட்டப் போட்டுக்குங்க, நகை மீன்ல படாம இருந்தா போதும்."

அருவாமணை ஆகாது. வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கத்தியால் செவுளை மட்டும் அறுத்துக்கொண்டு, மீனை எங்களுக்கே திருப்பித் தருவார். காசு கொடுத்து வாங்கின மீனை யாராவது திருப்பித் தருவார்களா? என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

ஒருநாள் கடல் தண்ணீர் எடுக்க என்னையும் கூப்பிட்டார். அதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். பாட்டிலை மட்டும் தொடுகிறவர் சுத்தக் கை. கயிறு, பை என்று மற்றதைத் தொடுகிறவர் அழுக்குக் கை.

"நீங்க அழுக்குக் கைண்ணே."

"ரெண்டு தடவ சோப்பு போட்டேனேம்மா!"

"பட்டறையிலேர்ந்து வர்றீங்க. ஏழு தடவ போட்டாலும் அழுக்குக் கைதான்."

செல்வி சிரித்த சிரிப்பு கட்டுமரத்துக்காரர்களுக்கே கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை லேப் திறக்கும்வரை செவுள் டப்பா எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருக்கும். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. செவுளில் ஏதாவது ஒட்டியிருந்து செல்வியின் பிழைப்புக்கு வினையாகிவிட்டால்? டப்பாவைத் திறந்து, வீட்டிலேயே சுத்தமான தண்ணீரில், அதாவது குடிக்கிற ஃபில்டர் தண்ணீரில், நன்றாக ஊறவைத்துக் கழுவி, பழையபடி மூடி வைத்தேன். இப்படி மூன்று வாரம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் டாக்டர் தடதடவென்று ஓடி வந்தார்.

"அண்ணே! செவுள்ல எக்கச்சக்கமா வெள்ளி! கடல் தண்ணியில இல்ல, சேத்துல இல்ல, செவுள்ல மட்டும்! இத எழுதுனா எனக்கு வேலையே நிரந்தரமாயிடும்!"

செல்வி கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப எம் மீன இனிமே யாரு வாங்குவாங்க டாக்டரு?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தாம்மா கழுவுனேன்."

"எத?"

"செவுள. சுத்தத் தண்ணியிலதாம்மா! நாங்க குடிக்கிற தண்ணி!"

டாக்டர் நேராக ஃபில்டரிடம் போனார். உள்ளே தண்ணீரை வடிகட்டுகிற கேண்டிலை உருவி, அதிலிருந்த சின்ன எழுத்தைப் படித்தார். கிருமியைக் கொல்ல அதில் பூசியிருந்தது அதே கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் தூள்.

"அப்ப அத நாங்க குடிக்கறமே?" என்றேன்.

"அத அப்புறம் பேசலாம்ணே."

செல்வி சொன்னாள்: "அடிங்க டாக்டரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

டாக்டர் நோட்டை எடுத்து மூன்று வாரத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அவ்வளவுதான். எழுதியிருந்தால் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை சதையையும் எடுத்துக்கொண்டு போனார். பல மாதம் கழித்து வந்து, "செவுள்ல துளியூண்டு இருக்குக்கா. சதையில தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல" என்றார்.

"எழுதிக் குடுங்க" என்றேன் நான்.

"அச்சுல வர வருஷமாவும்ணே. இப்ப சோத்தப் போடுங்க."

தெரு பார்க்க எங்கள் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சங்கரா மீன் குழம்பில் நாலு துண்டு தின்று, விரலை வேறு சப்பினார். மறுநாள் செல்வியின் கூடை பத்து மணிக்கே காலி.

அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஆராய்ச்சிக் காலம் முடிந்து வடக்கே எங்கேயோ போய்விட்டார். கடலே இல்லாத ஊராம். அங்கே விற்கிற மீன் எத்தனை நாள் பழசோ, யாரை நம்பி வாங்குகிறாரோ, எனக்கு அதே கவலையாக இருக்கிறது.