மருத மரத்துக்குக் கொடுத்த நோட்டீஸ்

சிரஞ்சீவி ஹரிநாராயணனுக்கு,

அத்தை மஹாலக்ஷ்மி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. உன்னுடைய க்ஷேமத்தையும் சுப்ரியாவின் க்ஷேமத்தையும் குழந்தைகளின் படிப்பையும் விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். என்னுடைய க்ஷேமம் தற்சமயம் நம் வாசல் மருத மரத்தின் கொப்பு ஒன்றின் விருப்பத்தில் இருக்கிறது. என் படுக்கையறை ஓட்டுக்கு நேர் மேலே, தாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளந்து, ஐப்பசி மழைக்காக அது காத்திருக்கிறது. கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாதா என்று சுப்ரியா கேட்டதாகச் சொன்னாய். கொப்பு இறங்கினால் உத்தரம் தாங்காது, உத்தரம் போனால் கூடமும் சேர்ந்து உட்காரும் என்று கொத்தனார் ஏணியில் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த நிலைமைக்கு நீயும் நானும் சரிபாதிப் பொறுப்பு, வீட்டைப் போலவே. ஆவணி மாதக் காற்றில் கொப்பு முனகத் தொடங்கியதும் நான் பூதத்தானுக்குச் சொல்லியனுப்பினேன். உனக்கு அவனை நினைவிருக்க நியாயமில்லை. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். தன் மீசையைத் தவிர வேறு எதையும் பராமரிக்காதவன். கொப்பை வெட்டும் நேரத்தைவிட, போன தடவை வெட்டிய கொப்பைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அத்தனை உயரம் ஏற வேறு ஆள் கிடையாது. வந்தான், அண்ணாந்து பார்த்தான், காப்பி குடித்தான், மறுநாள் காலையில் வெட்டிவிடலாம் என்றான். பெரிய மரத்தில் கை வைப்பதற்கு முந்தின நாள் அந்தியில் இவர்கள் செய்கிற ஒரு வழக்கம் உண்டு. அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றி, அரிவாளை மரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்கள். அவனும் சொன்னான்: "இங்கன குடியிருக்கது யாரா இருந்தாலும் சரி, பைய வேற எடம் பாத்துக்கிடுங்க. நாளைக்கு வேல நடக்கும். பொறவு என்னச் சொல்லப்பிடாது." முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது நானும் ஒப்புக்கொள்ளும் கொள்கை. ஆகையால் தடுக்கவில்லை.

இரவே உனக்குச் செய்தி அனுப்பினேன்; மறுநாள் அவன் வருவதற்கு முன்னால் உன் ஃபோன் வந்துவிட்டது. "அத்தை, கண்டவனையெல்லாம் மரத்துல ஏத்தாதேங்கோ. இங்கல்லாம் மரத்தத் தொடணும்னாலே லைசென்ஸ் வேணும். கம்பெனியா ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும், இன்ஷூரன்ஸ் இருக்கணும். அவன் விழுந்து வெச்சா ஓனர்ங்கற முறையில நானும்தான் பதில் சொல்லணும். லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாய். டொராண்டோவில் மரத்துக்கு வைத்தியம் பார்க்கத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நான்கு பேர் லாரியில் வந்து இறங்கும் படத்தையும் அனுப்பினாய். நான் முப்பது வருஷம் கல்லூரியில் பொது நிர்வாகம் கற்பித்தவள். உரிமம் என்பது அரசு ஒரு குடிமகனின் திறமைக்குக் கொடுக்கும் உத்தரவாதம் என்று கரும்பலகையில் எழுதி, அதைப் பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்களா என்று சுற்றிவந்து பார்த்தவள். நீ சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. என்னுடைய கெட்ட காலம் அந்த நியாயத்தில்தான் தொடங்குகிறது.

பூதத்தான் கயிறும் மரமறுக்கும் வாளுமாக வந்து நின்றபோது, மரம் ஏற லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். அது இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கானது. "இது வண்டிக்குன்னா. மரத்துக்கு?" என்றேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "என்னம்மா இப்படிக் கேக்கிய? வண்டி ஓடும், நாலு பேரு மேல முட்டும், அதனால லைசென்ஸ் கேக்காவ. மரம் எங்கன ஓடப்போவுது?" என்றான். வாதத்தில் சத்து இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் சட்டத்தின் பக்கம் நின்றேன். அவனை முறைப்படி பதிவு செய்து வைக்கிறேன், அதன் பிறகு ஏறட்டும் என்றேன். அவனுக்கு அது சட்டென்று பிடித்துப்போய்விட்டது. பதிவென்றால் ஃபோட்டோ உண்டா, ஃபோட்டோவில் வாளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டான். மரத்தில் சாய்த்திருந்த அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். மஞ்சளும் துணியும் அப்படியே இருந்தன. அவற்றை யார் கவனித்தார்கள்?

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய படிகளை, அந்த அலுவலகங்களில் இன்னும் உத்தியோகம் பார்க்கிறவர்களின் மரியாதையை உத்தேசித்து, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். முதல் இடத்தில் தொழில் உரிமம் தருகிறார்கள். ஆனால் தொழில் நடக்கும் இடத்துக்குத்தான் தருகிறார்கள், தொழில் செய்யும் மனிதனுக்கு அல்ல. கடை எந்தத் தெருவில் என்று கேட்டார்கள். "எந்த மரமோ அதான் கட, அண்ணாச்சி" என்றான் பூதத்தான், உள்ளே வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும். இரண்டாவது இடத்தில், மரத்தை வெட்டலாமா கூடாதா என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம், வெட்டுகிறவன் யார் என்பது எங்களைச் சேர்ந்ததல்ல என்றார்கள். வெட்டவில்லை, ஒரு கொப்பை மட்டும் எடுத்து மரத்தைப் பராமரிக்கப் போகிறோம் என்றேன். அங்கிருந்தவர் பேனாவைக் கீழே வைத்து, "மரத்த என்னத்தம்மா பராமரிக்கது? அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். மூன்றாவதாக, எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லப்பட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் செல்லக்கிளி என்ற பெண்ணிடம் போனோம். தொழில்களின் பட்டியலில் அவள் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். மரம் அறுக்கும் மில் இருந்தது, விறகுக்கடை இருந்தது, கட்டில் பீரோ செய்வது இருந்தது, நாற்றுப்பண்ணைகூட இருந்தது. உயிரோடிருக்கிற மரத்தை உயிரோடு வைத்துக்கொள்வது என்ற தொழில் மட்டும் அதில் இல்லை. "கட்டில் பீரோவுல போட்டுரட்டாம்மா? அதுக்குத்தான் டக்குனு கிடைக்கி" என்றாள். கூடாது என்று நான் சொல்வதற்குள் பூதத்தான் போடச் சொல்லிவிட்டான். கடைக்கு முகவரி வேண்டுமென்று வந்தபோது, மரம் நிற்கிற இடம்தானே கடை என்ற தன்னுடைய சித்தாந்தத்தின்படி அவன் நம் வீட்டு முகவரியைக் கொடுத்தான். அதே வாரத்தில், பதிவே வராத நிலையில், விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டான். அதில் அவனுடைய மீசைக்குப் பின்னால் நம்முடைய மருத மரம் தெரிகிறது, கொப்போடு.

பதிவுக்கு முன்னால் இடத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். அவர் வரவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. இதற்கிடையில் வாசலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் வீட்டுக்குள்ளிருந்து, அதுவும் கொப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால், கவனிக்கத் தவறினேன். தெருவோடு போகிறவர்கள் ஒரு பெரிய மரம், அதில் மஞ்சள், குங்குமம், துணி என்று கண்டால் என்ன செய்வார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். பூக்கட்டி விற்கும் தங்கத்தாய் விற்காத பூவை அங்கே சாத்திவிட்டுப் போகத் தொடங்கினாள். பூ இருக்கிறதே என்று யாரோ விளக்கு வைத்தார்கள். விளக்கு இருக்கிறதே என்று யாரோ ஆற்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். கல்லுக்குச் சிவப்புப் பாவாடை வந்தது. நான் விழித்துக்கொண்டு வெளியே வந்த அன்று, நம் காம்பவுண்டுச் சுவரில், மருதடி இசக்கியம்மன் துணை என்று ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தது. "இது என்னடீ?" என்று தங்கத்தாயைக் கேட்டேன். "ஒங்களுக்கென்னம்மா, வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துட்டா. எங்க தெருவுல ஒரு பயலும் எட்டிப் பாக்கல" என்று என் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பூதத்தானை வரவழைத்தேன். பதிவும் வேண்டாம் உரிமமும் வேண்டாம், ஹரியிடம் நான் பேசிக்கொள்கிறேன், இப்போதே ஏறு என்றேன். இத்தனை வருஷக் கொள்கையை வாசலில் நின்று விட்டுக்கொடுத்தேன். அதை அவன் பொருட்படுத்தவே இல்லை. செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இனி ஆவாதும்மா."

"அந்த மஞ்சளைப் பூசினவனே நீதானேடா?"

"பூசுனது நாந்தான், இல்லங்கல. காலி பண்ணுன்னு நோட்டீஸ் குடுத்தோம். மறுநா வேல நடக்கும்னு சொன்னோம். ஒரு மாசமா ஒருத்தனும் வரல. குடியிருக்கவ என்ன நெனப்பா? சரி, இருந்துக்கிடத்தான் சொல்லுதாவன்னு நெனப்பா. அவ பேருல என்ன தப்பு? லைசென்ஸ் கேட்டு லேட்டாக்குனது யாரு?"

வாடகைச் சட்டத்தை நான் இரண்டு செமஸ்டர் கற்பித்திருக்கிறேன். அந்தச் சட்டப்படி அம்மன் பக்கம்தான் நியாயம்.

போன திங்கட்கிழமை அந்த அதிகாரி ஒருவழியாக வந்து சேர்ந்தார். பெயர் சிவசண்முகம். நல்ல மனிதர். கட்டில் பீரோ எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வாசல்படி ஏறியவர், மரத்தைக் கண்டதும் இறங்கிப்போய்ச் செருப்பைக் கழற்றினார், விபூதி இட்டுக்கொண்டார், தனக்கு மாற்றல் உத்தரவு வரவிருப்பதை அம்மனிடம் முறையிட்டார், அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். வழிபாட்டு இடத்தையொட்டி மரவேலைத் தொழிலுக்குப் பரிந்துரைக்க வழியில்லை என்று எழுதிக்கொண்டார். தொழில் இங்கே இல்லை, அந்தக் கொப்புதான் தொழில், அது என் தலையில் விழப்போகிறது என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பிளவைப் பார்த்தார். "ரொம்ப மோசமாத்தான் இருக்கு. லைசென்ஸ் உள்ள ஆள வச்சு ஒடனே எடுத்துருங்கம்மா" என்றார். ஹரி, எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. அந்த இடத்தில் நான் அழுதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அழுதால் அம்மன் அருள் வந்துவிட்டது என்று விளக்கோடு வந்துவிடுவார்கள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நிலைமை இதுதான். உரிமம் இல்லாதவன் ஏற நீ சம்மதிக்க மாட்டாய். உரிமம் என்று ஒன்று இங்கே எவரிடமும் இல்லை. உரிமம் இல்லாமல் ஏறக்கூடியவனோ அம்மனுக்குப் பயந்து ஏற மாட்டான். நேற்று மேற்கே மலையில் இடி கேட்டது. கொப்பும் அதைக் கேட்டு ஒரு தடவை முனகிக்கொண்டது. எனக்குப் போராடத் தெம்பில்லை. என் பாதியை நான் விட்டுக்கொடுக்கிறேன். வீட்டை விற்பதற்குச் சம்மதக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. நாங்குநேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டேன். அவர்கள் வளாகத்தில் மரமே கிடையாது என்று உறுதி கூறினார்கள். வாங்குகிறவன் அம்மனையும் கொப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். என் வாழ்நாளின் கடைசிப் பாடமாக நான் அறிந்தது, ஒழுங்காக நடக்க முயல்கிறவர்கள் தலையில்தான் கூரை விழும் என்பதே. இதை நீ குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

சுப்ரியாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தீர்க்காயுசாக, மரமில்லாத தெருவில், நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தை,
மஹாலக்ஷ்மி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வீட்டை விற்பது பற்றிய பகுதியைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு.

புதன்கிழமை தங்கத்தாயிடம் பூ வாங்கினேன். வாங்கும்போது கொத்தனார் சொன்னதை அவளிடம் சற்று விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பொங்கல் வைத்து முடித்ததும் அம்மன் தங்கத்தாயின் மேல் வந்து, இலையும் கையுமாக உட்கார்ந்திருந்த பூதத்தானைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, என் தலைக்கு மேல கொப்பு பொளந்து தொங்குது, நீ பொங்கலா திங்கே? மழ வந்தா உத்தரம் தாங்காதுலே" என்றாள். மரத்தடியில் இருக்கிற அம்மனுக்கு ஏது உத்தரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூதத்தான் கை கழுவாமல் ஏறினான். மாற்றல் நின்றதா என்று கேட்க வந்திருந்த சிவசண்முகம் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். உரிமத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஓர் ஓடுகூட உடையாமல் கொப்பு இறங்கிவிட்டது.

நிழலும் அதோடு இறங்கிவிட்டது என்பதை நாங்கள் மதியத்துக்கு மேல்தான் கண்டோம். மேற்கு வெயில் நேராக என் அறைக்குள் வந்து உட்காருகிறது. மனிதர் இருக்க முடியவில்லை. ஆகையால் அம்மன் அடுத்த வெள்ளிக்கிழமை உன் பெயரைச் சொல்லி, என் அறைக்கு ஏ.சி. கேட்பதாக இருக்கிறாள். அவளுக்கு உன் சம்மதக் கடிதம் தேவைப்படாது.